காற்றாலைக் கூடு

குழந்தை இல்லை என்று சொல்லி, பானுமதியின் கணவன் இன்னொருத்தியை வீட்டுக்குக் கூட்டிவந்தான். பானுமதி சண்டை போடவில்லை. துணிமணிகளை ஒரு பையில் திணித்துக்கொண்டு, கொல்லிமலைமேல் குண்டனி நாடு என்கிற ஊர்ப்பகுதியில் இருந்த அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டாள். அண்ணன் அர்த்தனாரி வாசலில் நின்று அவள் முகத்தைப் பார்த்தார். "வந்துட்டயா. உள்ள போ" என்றார். அன்றைக்கும் சரி, அதற்குப் பிறகும் சரி, அவர் வேறு எதுவும் கேட்கவில்லை.

அது நடந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. பானுமதிக்கு இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டது. மரவள்ளிக் காட்டில் களை எடுப்பது, மாடு கறப்பது, சாமை அறுப்பது, மிளகைக் காயவைத்து மூட்டை கட்டுவது எல்லாம் அவள் பாடு. அண்ணி பாப்பாயிக்கு இடுப்பு வலி வந்த வருடம் அடுப்படியும் அவள் கைக்கு வந்தது. அண்ணிக்கும் அவளுக்கும் அவ்வப்போது முட்டிக்கொள்ளும். இரண்டு வேளை பேசாமல் இருப்பார்கள். மூன்றாம் வேளைக்கு உப்புப் போதுமா என்று கேட்கிற சாக்கில் பேச்சு தொடங்கிவிடும்.

அண்ணன் மகன் மணிவண்ணனுக்குப் பெண் நிச்சயமான பிறகுதான் வீடு சிறியது என்பது எல்லோருக்கும் கண்ணில் பட்டது. அந்த வீட்டில் இரண்டு அறைகள், ஒரு சமையலறை. ஒன்றில் அண்ணனும் அண்ணியும். இன்னொன்றில் மிளகு மூட்டைகளும் பானுமதியும். மணிவண்ணன் இத்தனை நாள் வாசலில் கட்டில் போட்டுப் படுத்துக்கொண்டிருந்தான்.

யாரும் அவளிடம் நேராக எதுவும் சொல்லவில்லை. ஆனால் பாப்பாயி அரிசி புடைத்துக்கொண்டே, சுவரைப் பார்த்து, "சின்னஞ்சிறுசுக. ஒரு ரூமாவது வேணுமில்ல" என்றாள்.

"நான் மாட்டுக் கொட்டாய்க்குப் பொறத்தால ஒரு குடிசை போட்டுக்கறேன் அண்ணி" என்றாள் பானுமதி.

பாப்பாயி ஆமாம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. முறத்தைத் தட்டிக் கவிழ்த்துவிட்டு எழுந்து போனாள். 'ஏன் கண்ணு இப்படிப் பேசற' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பானுமதி சமையலறையில் அடுப்போரமாகவே சுருண்டு படுத்துக்கொண்டிருப்பாள். அந்த வார்த்தை வரவில்லை.

இந்தச் செய்தி தம்பி பிரேமுக்குப் போனில் போனது. அர்த்தனாரிக்கும் பானுமதிக்கும் கடைசித் தம்பி அவன். கல்யாணம் ஆகாதவன். உடுமலைப் பக்கம் ஒரு காண்டிராக்டரிடம் வேலை செய்துகொண்டிருந்தான். முப்பது வருடத்துக்கு முன்னால் நட்ட சின்னக் காற்றாலைகளைக் கழற்றி இறக்குவதுதான் அவர்கள் வேலை. அந்த இடத்தில் பெரிய காற்றாலைகள் வரப்போகின்றன. இறக்கிய பழையதில் அநேகமாக எதுவும் வீண்போவதில்லை. இரும்புக் கோபுரம் உருக்குவதற்குப் போய்விடும். கியர்பாக்ஸையும் ஜெனரேட்டரையும் பழுது பார்த்து, இன்னும் ஓடிக்கொண்டிருக்கிற வேறு பழைய காற்றாலைகளுக்கு மாட்டுவார்கள். பைபர் இறக்கைகளை அறுத்துத் துண்டாக்கி சிமெண்ட் பேக்டரிக்கு அனுப்புவார்கள். அங்கே சூளையில் அது எரிந்து சிமெண்டோடு சிமெண்டாகச் சேர்ந்துவிடும்.

கடைசியில் மிஞ்சுவது கோபுரத்தின் உச்சியில் இயந்திரத்தை மூடியிருந்த கூடு. அதுவும் பைபர்தான். மேல் பாதி, கீழ் பாதி என்று இரண்டாகக் கழன்று வரும். பூட்டினால் ஒரு வேன் அளவு இருக்கும். உள்ளே ஆள் நிமிர்ந்து நிற்கலாம். யார்டில் வாட்ச்மேன் ஒருவர் அப்படி ஒரு கூட்டுக்குள்தான் கட்டில் போட்டுப் படுத்திருந்தார். ஒரு நாள் பேய்மழை. தகரக் கொட்டகையில் இருந்தவர்கள் எல்லோரும் நனைந்தார்கள். வாட்ச்மேன் மட்டும் உள்ளே பீடி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை பிரேம் பார்த்தான். அக்காவின் நினைவு வந்தது.

சூப்பர்வைசரிடம் கேட்டான். "கொண்டு போறதுன்னா கொண்டு போ பிரேமு. இல்லீன்னா அடுத்த வாரம் அதையும் அறுக்கத்தான் போறம்" என்றார் அவர்.

அக்காவிடம் அவன் சொல்லவில்லை. கொண்டுவந்து இறக்கிக் காட்ட வேண்டும் என்று ஆசை.

லாரி அடிவாரத்துக் காரவள்ளியில் மலை ஏற ஆரம்பித்ததும் அந்த ஆசையில் பாதி வற்றிப்போனது. லாரியின் பின்புறம் வெள்ளைக் கூடு ஒரு முழம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் பிரேம் கீழே இறங்கி, பின்பக்கம் ஓடி, "வா வா, நில்லு, ஒடி" என்று கத்த வேண்டியிருந்தது. ஒரு வளைவில் எதிரே பஸ் வந்துவிட்டது. லாரி பின்னால் போக வழியில்லை. பஸ் டிரைவர் முணுமுணுத்துக்கொண்டே பின்னுக்கு எடுத்தார். ஜன்னலில் எட்டிப் பார்த்த ஒரு பெரியவர், "படகுங்களா? மேல எந்த ஏரிக்குங்க?" என்று விசாரித்தார். பிரேமுக்குப் பதில் சொல்ல மூச்சு இல்லை.

சாயங்காலம் லாரி ஊருக்குள் நுழைந்தபோது பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் பின்னாலேயே ஓடி வந்தார்கள். ஏரோப்ளேன் என்றார்கள் சிலர். அர்த்தனாரியும் மணிவண்ணனும் அக்கம்பக்கத்து ஆண்களும் சேர்ந்து இரண்டு பாதிகளையும் இறக்கி, மாட்டுக் கொட்டாய்க்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தார்கள். களை எடுத்துவிட்டு மண்கையோடு வந்த பானுமதி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"என்ன பிரேமு இது?"

"உனக்கு ஊடுக்கா" என்றான் பிரேம். முகமெல்லாம் சிரிப்பு. "காத்தாலையோட மண்டை. ரெண்டையும் சேத்துப் பூட்டி, கதவு வெட்டி, ஜன்னல் வெட்டிக் குடுத்துருவேன். மழை ஒரு சொட்டு எறங்காது. கரையான் அரிக்காது."

"இத ஏன் அவங்க உனக்குக் குடுத்தாங்க?"

பிரேமுக்குப் பொய் சொல்ல வராது. "அவங்களுக்கு வேண்டாம்க்கா. கழிச்சுப் போட்டதுதான்."

பானுமதி அந்த வெள்ளைக் கூட்டைப் பார்த்தாள். எண்ணெய்க் கறை, வெயிலில் வெளுத்த எண்கள், பாசி பிடித்த ஒரு மூலை. பிறகு அது வைக்கப்பட்டிருந்த இடத்தைப் பார்த்தாள். ஒரு பக்கம் சாணிக் குழி. இன்னொரு பக்கம் மூங்கில் புதர். ரோட்டிலிருந்து பார்த்தால் அங்கே ஒன்று இருப்பதே தெரியாது.

"அங்க வேண்டாம்னு கழிச்சது அது. இங்க கழிச்சது நானு" என்றாள். "ரெண்டையும் ஒண்ணா பொறத்தால வெச்சுப் பூட்டிரலாம்னு பாத்தயா சாமி?"

குரல் உயரவில்லை. அதனால்தான் அங்கே நின்றவர்களுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அர்த்தனாரி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பானுமதி கை கழுவப் போய்விட்டாள்.

பிரேம் நான்கு நாள் லீவில் வந்திருந்தான். இரண்டு பாதிகளையும் கல்லுக்கட்டின் மேல் நிறுத்தி போல்ட் போட்டான். கதவுக்கு வெட்டும்போது பறந்த பைபர் தூசி கழுத்திலும் கையிலும் ஏறி, உடம்பெல்லாம் அரித்தது. வெட்டுகிற இடத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே வெட்ட வேண்டும் என்பது அவனுக்குத் தெரியும். ஊற்றுவதற்கு ஆள் இல்லை. கூப்பிட்டால் அக்கா வருவாள் என்று நினைத்தான், கூப்பிடவில்லை. அவள் மாடுகளுக்குத் தீனி போட வந்தபோதும் அந்தப் பக்கம் திரும்பாமலே போனாள். ஆனால் அன்று மாலை அவன் படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் தேங்காய் எண்ணெய் இருந்தது. வைத்தது யார் என்று அவன் கேட்கவில்லை. கதவு மட்டும் வெட்டி முடித்த நிலையில் வேலைக்குத் திரும்பிவிட்டான்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. எடப்புளி நாட்டிலிருந்து ராதிகா மருமகளாக வந்தாள். அதிகம் பேசாத பெண். மிளகு மூட்டைகள் ஒரு மூலைக்கு ஒதுங்கின. பானுமதி சமையலறைக்குப் பாயை மாற்றிக்கொண்டாள். கூட்டுக்குள் முதலில் கோழிகள் போய் முட்டை வைத்தன. பிறகு அர்த்தனாரி கடப்பாரையையும் மண்வெட்டியையும் அங்கே வைக்க ஆரம்பித்தார். பானுமதிக்கு ஏதாவது எடுக்க வேண்டுமானால் ராதிகாவை அனுப்புவாள்.

ஐப்பசியில் சாமை அறுத்துக் கட்டுக்கட்டாகக் களத்தில் குவித்திருந்தார்கள். அன்று செம்மேட்டில் சந்தை. அர்த்தனாரியும் மணிவண்ணனும் மிளகு கொண்டு போனார்கள். பாப்பாயி இடுப்புக்கு மாத்திரை வாங்க அவர்களோடு போயிருந்தாள். மத்தியானம் வரை வெயில் சுள்ளென்று அடித்தது. திடீரென்று கிழக்கே கரியைப் பூசினாற்போல் இருட்டிக்கொண்டு வந்தது.

"ராதிகா, ஓடியா" என்று கத்திக்கொண்டே பானுமதி களத்துக்கு ஓடினாள்.

வீடு தூரம். மாட்டுக் கொட்டாயில் ஓரிடம் விடாமல் ஒழுகும். பக்கத்தில் இருந்தது கூடு மட்டும்தான். பானுமதி யோசிக்கவே இல்லை. இரண்டு கட்டுகளை அணைத்துத் தூக்கிக்கொண்டு முதல் தடவையாக அந்தக் கதவுக்குள் நுழைந்தாள். கோழிகள் சிதறி ஓடின. ராதிகா பின்னாலேயே வந்தாள். களத்துக்கும் கூட்டுக்குமாக இருவரும் ஓடி ஓடிச் சுமந்தார்கள். கடைசிக் கட்டைத் தூக்கி உள்ளே போடவும் மழை கொட்டவும் சரியாக இருந்தது.

இனி வெளியே போக முடியாது. நனைந்த சேலையைப் பிழிந்துகொண்டு சாமைக் கட்டுகளின் மேல் உட்கார்ந்தார்கள். மழை கூட்டின் மேல் விழுந்த சத்தத்தில் கொஞ்ச நேரம் எதுவும் பேச முடியவில்லை. பானுமதி மேலே பார்த்தாள். எங்கேயும் ஈரம் இல்லை. வளைந்த கூரையில் விரலால் தடவினாள். காய்ந்திருந்தது. தரையில் பெரிய பெரிய போல்ட் துளைகள், இயந்திரம் உட்கார்ந்திருந்த இடம். முன்பக்கச் சுவரில், இறக்கை பூட்டியிருந்த தண்டு வெளியே போவதற்கான வட்டத் துளை. அதன் வழியாக ஈரக்காற்று வந்தது.

"ஒரு சொட்டு எறங்கலைங்க சின்னம்மா" என்றாள் ராதிகா.

"ம்."

மழை கொஞ்சம் தணிந்தபோது ராதிகா மறுபடியும் பேசினாள். நெடுநாளாக மனதுக்குள் வைத்திருந்ததைச் சொல்கிறவள் போலத் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"நான் வந்ததாலதானுங்க நீங்க அடுப்போரமா படுத்துக்கறீங்க. எனக்கு அது மனசுக்கு என்னமோ பண்ணுது. அங்க இருமுனாக்கூட அத்தைக்குக் கேக்குது. அவர்கிட்ட ஒரு வார்த்தை பேசோணும்னாலும் காட்டுக்குத்தான் போகோணும்." கொஞ்சம் நிறுத்தினாள். "இந்தக் கூட்டை எங்களுக்குக் குடுத்துருங்க சின்னம்மா. நாங்க இங்க வந்துக்கறோம். நீங்க முன்னாட்ட உங்க ரூமுலயே இருங்க. உங்களுக்குத்தான் இது புடிக்கலையே."

நியாயமான பேச்சு. இதைவிடச் சுலபமான வழி யாருக்கும் கிடைக்காது. சரி என்று சொல்லத்தான் பானுமதி வாயைத் திறந்தாள்.

"இல்ல கண்ணு. இது எந்தம்பி எனக்குன்னு கொண்டாந்தது."

சொன்ன பிறகு அவளே திகைத்துப்போனாள். ராதிகாவும் நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை வருடத்தில் அந்த வீட்டில் 'எனக்கு' என்ற வார்த்தையைத் தான் சொன்னதே இல்லை என்பது பானுமதிக்கு உறைத்தது. சேலை, தட்டு, படுக்கிற மூலை, எல்லாம் யாரோ ஒதுக்கிக் கொடுத்தவை. புருஷன் வீட்டிலும் அப்படித்தான். இந்தப் பெண் கேட்கிற வரைக்கும் இந்தக் கூடு ஒரு அவமானமாகத்தான் தெரிந்தது. கேட்டதும் விட மனம் வரவில்லை.

"கோவிச்சுக்காத" என்றாள்.

"இல்லீங்க" என்றாள் ராதிகா. அவள் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. ஆனால் சிரித்தாள்.

அன்று சந்தையிலிருந்து திரும்பியவர்களுக்கு, நனையாத சாமையைப் பார்த்துச் சந்தோஷம். சாப்பிட்டு முடித்துக் கை கழுவி வந்த அர்த்தனாரியின் முன்னால் பானுமதி போய் நின்றாள்.

"அண்ணா, நான் அந்தக் கூட்டுல இருந்துக்கறேன். ஆனா அங்க இல்ல."

"பின்ன?"

"ரோட்டுப் பக்கம். பஸ் நிக்கற எடத்துல நம்ம நெலம் மூக்காட்டம் நீட்டிட்டு இருக்குதல்ல, அங்க. அங்க வெச்சா ஒரு டீக்கடை போடுவேன். பொறத்தால, சாணிக் குழிக்குப் பக்கத்துல, நான் இருக்க மாட்டேன்."

ரோட்டோர நிலம் என்றால் அதற்கு இருக்கிற மதிப்பே வேறு. மணிவண்ணன் தலையைச் சொறிந்துகொண்டு, "அங்க நான் ஒரு நாளைக்குக் கடை போடலாம்னு இருந்தேன் அத்தை" என்றான்.

"போடு சாமி. எடம் நீளமாத்தான் கெடக்குது. எனக்கு அது நிக்கிற அளவு போதும்."

"ரோட்டோரமா ஒரு பொம்பள தனியாவா?" என்றாள் பாப்பாயி.

"காலைல இருந்து பஸ்ஸும் ஜனமும் வந்துட்டே இருக்குற எடம் அண்ணி. பொறத்தாலதான் தனி."

அர்த்தனாரி வாசல் வழியே ரோட்டுப் பக்கம் பார்த்தார். தங்கை வீட்டுக்கு வந்த நாளில் இருந்து அவள் எதையும் கேட்டதில்லை. கேட்காததால், தான் எல்லாம் செய்துவிட்டதாக அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அவளுக்காக அரசாங்க வீட்டுக்கு எழுதிப்போடலாம் என்று ஒரு தடவை தாலுகா ஆபீசுக்குப் போனபோது, பட்டா யார் பெயரில் என்று கேட்டார்கள். தன் பெயரில் என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தவர், தங்கை பெயருக்கு ஒரு துண்டு நிலம் எழுதிவைக்காமல் அதோடு விட்டுவிட்டார். இப்போது அது நினைவுக்கு வந்தது.

"அந்த நெலம் நம்ம அப்பனுது" என்றார் கடைசியில். "நீ சொல்ற எடத்துலயே வெக்கலாம். பிரேமுக்குப் போன் போடு, வரட்டும்."

பாத்திரம் கழுவும்போது பாப்பாயி வந்து பக்கத்தில் குந்தினாள். ஒரு சட்டியை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தாள்.

"நான் உன்னப் போன்னு சொல்லலையே பானு."

"இருன்னும் சொல்லலீங்களே அண்ணி."

பாப்பாயியின் கை நின்றது. சாம்பல் ஒட்டிய கையாலேயே மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "சொன்னா அந்தச் சின்னதுகளை எங்க படுக்க வெக்கறதுன்னு தெரியல. சொல்லாமப் போனது எனக்குத் தப்பாத்தான் பட்டுது. உங்கிட்ட எப்படிப் பேசறதுன்னு தெரியாம இருந்துட்டேன்."

பானுமதி அண்ணியின் கையில் இருந்த சட்டியை வாங்கி அலசிக் கவிழ்த்தாள். "இடுப்பு வலியோட எதுக்கு இப்படிக் குந்திட்டு. எந்திரிங்க" என்றாள்.

பிரேம் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தான். போல்ட்டுகளைக் கழற்றி மறுபடி இரண்டு பாதியாக்கினான். ஊர் ஆண்கள் மூங்கில் கழிகளை அடியில் கொடுத்துத் தோளில் தூக்கினார்கள். மேல் பாதி எளிதாகப் போய்விட்டது. கீழ் பாதியில் இரும்புச் சட்டம் இருந்ததால் நான்கு இடத்தில் இறக்கி வைத்து மூச்சு வாங்கினார்கள். பானுமதி முன்னால் நடந்து, வழியில் கிடந்த கல்லையும் கிளையையும் அகற்றிக்கொண்டே போனாள்.

ரோட்டுக்கு வந்த நேரத்தில் பஸ்ஸும் வந்தது. அதில் இருந்து நர்ஸ் ரோஸ்லின் இறங்கினாள். கன்னியாகுமரி மாவட்டத்துக்காரி. இந்த மலைக்கு மாற்றலாகி வந்து ஒரு வருடம் ஆகிறது. ஊர் ஊராகப் போய்க் கைக்குழந்தைகளுக்கு ஊசி போடுவாள். தூக்கிக்கொண்டு வந்ததைப் பார்த்ததும் அவள் பையைத் தரையில் வைத்துவிட்டு நின்றுவிட்டாள்.

"இது காத்தாடிக்க மண்டையில்லா?" என்றாள்.

"உங்களுக்கு எப்படிங்க தெரியும்?" என்றான் பிரேம்.

"எனக்க வீட்டு மாடியில நின்னா கண்ணுக்கு எட்டின தூரம் வரைக்கும் இதுதான். ஆரல்வாய்மொழிப் பக்கம். சின்னப்பிள்ளையில ராத்திரி அந்தச் சத்தத்துலதான் உறங்குவோம். இங்க வந்து முதல் மாசம் சத்தம் இல்லாம எனக்கு உறக்கமே வரல்ல." ரோஸ்லின் கிட்டே வந்து கூட்டின் மேல் கையை வைத்துப் பார்த்தாள். கண் கலங்கியிருந்ததை அவள் மறைக்கவில்லை. "இது எப்பவும் காத்து எந்தப் பக்கம் இருந்து வருதோ அந்தப் பக்கம்தான் திரும்பி நிக்கும், அக்கா. நீங்க எந்தப் பக்கம் திருப்பி வைக்கப் போறீங்க?"

"ரோட்டைப் பாத்து" என்றாள் பானுமதி.

அந்த முறை ஜன்னல் வெட்டும்போது பானுமதியே குடத்தில் தண்ணீர் எடுத்துவந்து ஊற்றினாள். தூசி பறக்கவில்லை. தண்டு போகிற வட்டத் துளைக்குக் கீழே ஒரு பலகை அடித்தார்கள். டீ கொடுக்கிற இடம் அதுதான். வெயிலில் உள்ளே சூடு ஏறியதால் அவளும் ராதிகாவும் மேலே புல் வேய்ந்தார்கள். பின்பாதியில் கட்டில், ஒரு இரும்புப் பெட்டி, கொடியில் சேலைகள். நடுவில் ஒரு திரை. உட்புறம் எங்கேயும் மூலை கிடையாது. முதல் வாரம் சாமான்களை எங்கே சாய்த்து வைப்பது என்று அவளுக்குப் புரியவில்லை. பிறகு பழகிவிட்டது.

டீயும், அவித்த மரவள்ளிக் கிழங்கும், காரச் சட்னியும். காலை பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் வாங்கினார்கள். ஊசி போடுகிற நாளில் ரோஸ்லின் முன்பாதியில் தராசைத் தொங்கவிட்டுக் குழந்தைகளுக்கு எடை பார்த்தாள். தாய்மார்கள் மழையில் மரத்தடியில் நிற்க வேண்டியிருக்கவில்லை. பானுமதி அழுகிற பிள்ளைகளின் கையில் ஆளுக்கொரு வர்க்கி கொடுப்பாள்.

ராதிகா அடிக்கடி வந்து உதவினாள். கூட்டைப் பற்றி அவள் மறுபடி கேட்கவே இல்லை. கேட்காமல் இருப்பது எப்படி என்று பானுமதிக்குத் தெரியும். அதனால் தை மாதம் பிறந்ததும் அவளே பிரேமுக்குப் போன் செய்தாள்.

"இன்னும் இருக்குதா அங்க?"

"மூணு இருக்குதுக்கா. திங்கக்கெழம அறுக்கறாங்க."

"அறுக்க வேண்டாம்னு சொல்லு. நான் வாரேன்."

பஸ் மாறி மாறி அவள் உடுமலைக்குப் போய் இறங்கினாள். கொல்லிமலையை விட்டு அவ்வளவு தூரம் தனியாக வந்தது அதுதான் முதல் தடவை. பிரேம் பைக்கில் யார்டுக்கு அழைத்துப் போனான். அறுத்த இறக்கைத் துண்டுகள் ஒரு பக்கம் குவிந்திருந்தன. தார்ப்பாய்க்கு அடியில் கியர்பாக்ஸ்கள், வேறு ஊருக்குப் போகக் காத்திருந்தன. யார்டைத் தாண்டி வயல்வெளியில், இன்னும் இறக்காத ஒரு பழைய காற்றாலை நின்றிருந்தது. பானுமதி கழுத்தை நிமிர்த்திப் பார்த்தாள். அதன் உச்சியில், இறக்கைக்குப் பின்னால் தீப்பெட்டி அளவில் ஒரு வெள்ளைக் கூடு.

"அதா?"

"அதேதான்க்கா. உன்னோடதும் அப்படித்தான் நின்னுட்டிருந்துச்சு."

அவ்வளவு உயரத்திலா என்று அவள் நினைத்தாள். அவ்வளவு வருடம் வெயிலிலும் காற்றிலுமா. அவள் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். பிரேம் அவசரப்படுத்தவில்லை.

மூன்று கூடுகளையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். ஒன்றின் அடியில் விரிசல். இன்னொன்றுக்குள் எண்ணெய் ஊறிப்போயிருந்தது. மூன்றாவதற்குள் ஏறி நின்று கூரையைத் தட்டிப் பார்த்தாள். "இது" என்றாள். சூப்பர்வைசர் சிரித்துக்கொண்டே, "யாருக்குங்கம்மா?" என்று கேட்டார்.

"எங்க அண்ணன் மருமகளுக்குங்க."

லாரி மறுநாள் விடிகாலையில் கிளம்பியது. டிரைவருக்குப் பக்கத்தில் பிரேம், ஜன்னலோரம் பானுமதி. ஊர்கள் பின்னால் போய்க்கொண்டிருந்தன. காரவள்ளிக்கு வந்து, மலை முன்னால் எழுந்து நின்றபோது பிரேம் கேட்டான்.

"மாட்டுக் கொட்டாய்க்குப் பொறத்தால அந்தக் கல்லுக்கட்டு அப்படியேதான இருக்குது? அங்கயே எறக்கி வெச்சிரலாமாக்கா?"

பானுமதி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"அத ராதிகாகிட்டக் கேளு. அவ கைகாட்டற எடத்துலதான் எறக்கோணும்" என்றாள். "வேண்டாம்னு சொன்னாலும் கேட்டுக்கோணும்."

பிரேம் தலையாட்டினான். டிரைவர் கியரை மாற்றினார். லாரி முதல் வளைவை நோக்கி மெதுவாக ஏற ஆரம்பித்தது.